சாலை மரணமும் சட்டமும்
(கல்விச் சங்க வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் சாலை விபத்துச் சட்டத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு குடும்பத்தின் உழைக்கும் கை சாலையில் முறிந்தால், அவ்வீட்டுப் பிள்ளையின் படிப்பும் அன்றோடு நின்றுவிடுகின்றது. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைத் தேடி நம் சங்கத்தார் வீடு வீடாகச் சென்றபோதெல்லாம் இதைக் கண்டிருப்பார்கள். ஆதலின் இது கல்வியோடு தொடர்புடைய பொருளே ஆகும்.

சாலை என்பது நமக்கு எளிதிற் கிடைத்த பொருள் அன்று. பொதுச் சாலையிலும் தெருவிலும் நடப்பதற்கே நம் முன்னோர் சட்டமன்றத்தில் வாதாட வேண்டியிருந்தது. 1924 ஆம் ஆண்டில் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாகவே, பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் ஒடுக்கப்பட்ட மக்கள் பயன்படுத்துவதற்குத் தடையில்லை என்று அரசாணை பிறந்தது. நடக்கும் உரிமை ஏட்டில் வந்து ஒரு நூற்றாண்டு ஆகிவிட்டது. நடந்து சென்றவர் உயிரோடு வீடு திரும்ப வேண்டும். திரும்பாவிடில் அவருடைய குடும்பத்துக்கு நீதி கிடைக்க வேண்டும். இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே.

முதலில் நிலைமையின் அளவைக் கூறுகின்றேன். ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022 ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் உயிரிழந்தனர். அவர்களுள் 17,884 பேர் தமிழ்நாட்டில் மாண்டவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு நாட்டிலேயே முதலிடம் நம் மாநிலத்துக்குத்தான், 64,105 விபத்துகள். மாண்டவர்களுள் இருசக்கர வண்டியில் சென்றோரும் கால்நடையாகச் சென்றோரும் சேர்ந்தால் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் வருகின்றனர். மோதிவிட்டு நில்லாமல் ஓடிய வண்டிகளால் மட்டும் 30,486 பேர் இறந்தனர். கால்நடையாகவும் சைக்கிளிலும் பழைய இருசக்கர வண்டியிலும் வேலைக்குச் செல்பவர் யார் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குடியிருப்பு ஒரு புறமும், வேலையும் கடையும் இடுகாடும் மறுபுறமுமாக, நடுவே நெடுஞ்சாலை ஓடும் ஊர்கள் பல உண்டு.

இம்மரணங்களுக்குச் சட்டம் வைத்திருந்த தண்டனை என்ன? 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1870 ஆம் ஆண்டில் 304-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அசட்டையாலோ கவனக்குறைவாலோ மரணம் விளைவிப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்பது அப்பிரிவு. மோட்டார் வண்டி உலகில் ஓடத் தொடங்குவதற்கு முன்னரே எழுதப்பட்ட பிரிவு அது. குதிரை வண்டிக் காலத்தில் விதித்த அந்த உச்ச வரம்பு, லாரியும் பேருந்தும் சொகுசுக் காரும் விரைந்தோடும் காலத்திலும், 2024 வரை மாறாமல் நின்றது. சிறையே இன்றி, அபராதத்தோடு விட்டுவிடவும் அப்பிரிவு இடங்கொடுத்தது.

நீதிமன்றங்கள் இக்குறையைக் காணாமல் இல்லை. 2006 நவம்பரில் மும்பை பாந்திராப் பகுதியின் கார்ட்டர் சாலையில், நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்கள்மீது குடிபோதையில் ஒருவர் ஓட்டிய கார் ஏறியது. ஏழு பேர் மாண்டனர். விசாரணை நீதிமன்றம் கவனக்குறைவுக் குற்றமென்று கொண்டு ஆறு மாதச் சிறை விதித்தது. மும்பை உயர் நீதிமன்றமோ, மரணம் நேரக்கூடும் என்ற அறிவோடு செய்த செயல் அது என்று கூறி, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாக்கி மூன்றாண்டுச் சிறை விதித்தது. 2012 இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஒரே செயல்; ஒரு நீதிமன்றத்தில் ஆறு மாதம், மற்றொன்றில் மூன்றாண்டு. கவனக்குறைவு என்பதற்கும், விளைவை அறிந்தே செய்தல் என்பதற்கும் இடையே உள்ள கோடு அத்துணை முக்கியமானது.

2015 இல் பஞ்சாபிலிருந்து வந்த மற்றொரு வழக்கைப் பாருங்கள். இருவர் மாண்ட விபத்து. இழப்பீட்டுத் தொகை செலுத்தப்பட்டுவிட்டது என்பதைக் காட்டி, ஓட்டியவரின் தண்டனையை அவர் முன்னரே சிறையில் இருந்த 24 நாள்களாக உயர் நீதிமன்றம் குறைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி ஆறு மாதமாக்கியதோடு, இப்பிரிவின் தண்டனை அளவைச் சட்டம் இயற்றுவோர் மீண்டும் ஆராய வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

மாநிலங்கள் இதில் ஒன்றும் செய்ய இயலாதா என்று கேட்கலாம். குற்றவியல் சட்டமும் மோட்டார் வண்டிகளும் அரசமைப்புச் சட்டத்தின் பொதுப் பட்டியலில் உள்ளவை. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலச் சட்டமன்றம் தன் எல்லைக்குள் மாற்றம் செய்யலாம். இமாச்சலப் பிரதேசம் 1997 இல் அவ்வாறு செய்தது. குடிபோதையில் பயணியர் வண்டியை ஓட்டி மரணம் விளைவிப்போருக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம் என்று 304-ஏஏ என்னும் தனிப் பிரிவைத் தன் மாநிலத்துக்கென இயற்றிக்கொண்டது. மலைப்பாதையில் ஒரு பேருந்து கவிழ்ந்தால் எத்தனை உயிர் போகும் என்பதை அறிந்த மாநிலம் அது. சட்டமன்றம் விரும்பினால் வழியுண்டு என்பதற்கு இஃது ஒரு சான்று.

பின்னர் 2023 இல் பாராளுமன்றம் பழைய தண்டனைச் சட்டத்தை நீக்கிப் பாரதீய நியாய சன்ஹிதாவை இயற்றியது. 2024 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் 106 ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கின்றது. அபராதத்தோடு மட்டும் விட்டுவிடும் வழி அடைபட்டது. இரண்டாம் உட்பிரிவு, வண்டியோட்டி மரணம் விளைவித்துவிட்டுக் காவல் அதிகாரியிடமோ நீதித்துறை நடுவரிடமோ உடனே தெரிவிக்காமல் தப்பி ஓடினால் பத்து ஆண்டு வரை சிறை என்றது.

இரண்டாம் உட்பிரிவை எதிர்த்து 2024 ஜனவரித் தொடக்கத்தில் பல மாநிலங்களில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும், ஓடினால் பத்தாண்டுச் சிறை, நாங்கள் எங்கே போவது என்பது அவர்கள் கேள்வி. போக்குவரத்துச் சங்கத்தாருடன் கலந்த பின்னரே முடிவு செய்யப்படும் என்று ஒன்றிய அரசு உறுதி கூறியது. அவ்வாண்டு பிப்ரவரியில் வந்த அறிவிக்கை, சன்ஹிதா நடைமுறைக்கு வரும் நாளைக் குறித்தபோது இந்த ஓர் உட்பிரிவை மட்டும் விலக்கி வைத்தது.

இங்கே நாம் ஒருபக்கமாகப் பேசுதல் தகாது. மாண்டவர் வரிசையில் நம் மக்கள் நிற்கின்றனர் என்பது உண்மை; ஓட்டுநர் இருக்கையிலும் நம் பிள்ளைகளே அமர்ந்திருக்கின்றனர் என்பதும் அதே அளவு உண்மை. லாரி, வேன், வாடகைக் கார், ஆட்டோ ஓட்டிப் பிழைக்கும் இளைஞர் நம் தெருக்களில் எத்தனை பேர்! உறக்கமின்றி ஓட்டச் சொன்ன முதலாளி வழக்கில் வருவதில்லை; ஓட்டியவரே கூண்டில் ஏறுகின்றார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134 ஆம் பிரிவு ஓட்டுநரின் கடமையை வகுத்துள்ளது. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்தல் வேண்டும். கூட்டத்தின் ஆத்திரம் முதலிய காரணங்களால் அங்கே நிற்க இயலாவிடில், அருகிலுள்ள காவல் நிலையத்துக்குச் சென்று 24 மணி நேரத்துக்குள் செய்தி கொடுத்தல் வேண்டும். ஓட்டுநர் இளைஞர்களே, இதை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். உயிருக்கு அஞ்சி அவ்விடத்தை விட்டு அகன்றாலும், நேரே காவல் நிலையம் செல்லுங்கள். அதுவே அடிபட்டவருக்கும் உங்களுக்கும் காப்பு.

அன்பர்களே, தண்டனை இரண்டாண்டிலிருந்து ஐந்தாண்டாக உயர்ந்ததை நான் வரவேற்கின்றேன். ஆயினும் தண்டனையின் நீளம் மட்டும் ஏழைக்கு நீதியைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. முதல் தகவல் அறிக்கையில் வண்டி எண் இல்லையென்றால், நேரிற் கண்டவர் சாட்சி சொல்ல வரவில்லையென்றால், ஐந்தாண்டு என்ன, ஐம்பதாண்டு என்று எழுதி வைத்தாலும் பயன் என்ன? பல இடங்களில் உடல் வீட்டுக்கு வருமுன்னரே ‘பேசி முடித்துக்கொள்ளலாம்’ என்று வண்டிக்காரரின் ஆட்கள் வந்துவிடுகின்றனர். ஈமச் செலவுக்குக் கையில் காசில்லாத வீட்டில் அந்தப் பேச்சு எடுபடுகின்றது. நீங்கள் அறிய வேண்டியது இது: கவனக்குறைவால் மரணம் விளைவித்தல், சட்டப்படி இருதரப்பார் சமரசம் செய்து முடித்துக்கொள்ளத்தக்க குற்றங்களின் பட்டியலில் இல்லை. வெற்றுத்தாளில் கைந்நாட்டு வாங்க ஒருவருக்கும் உரிமையில்லை.

அடுத்து இழப்பீட்டைப் பற்றிக் கூறுகின்றேன். குற்ற வழக்கு வேறு, இழப்பீட்டு வழக்கு வேறு. குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையானாலும் இழப்பீடு கேட்கத் தடையில்லை. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய விபத்து நடந்த தொலைவூருக்குச் செல்ல வேண்டியதில்லை. நீங்கள் வாழும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே செய்யலாம். 2019 ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு ஆறு மாத வரம்பு விதித்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அவ்வரம்பை எதிர்த்து வழக்குகள் எழுந்துள்ளன. ஆயினும் நாம் ஆறு மாதத்துக்குள் மனுச் செய்துவிடுவதே அறிவுடைமை. மோதிய வண்டி எது என்றே தெரியாத மரணத்துக்கு முன்பு 25,000 ரூபாய்தான் கிடைத்தது. 2022 ஏப்ரல் முதல் அது 2 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. படுகாயத்துக்கு 50,000 ரூபாய். இதற்கு வருவாய்த் துறையின் கோரிக்கை விசாரணை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். இத்தொகை இருப்பதையே அறியாத குடும்பங்கள் பல.

வண்டி தெரிந்த வழக்கில் தொகை எவ்வாறு கணக்கிடப்படுகின்றது? 2009 இலும் 2017 இலும் உச்ச நீதிமன்றம் வகுத்த முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகின்றேன். முப்பது வயதுடைய கொத்தனார் ஒருவர். மனைவி, இரு குழந்தைகள், தாய் என அவரை நம்பி வாழ்ந்தோர் நால்வர். மாத வருமானம் 12,000 ரூபாய் என்று மெய்ப்பிக்கப்பட்டதாகக் கொள்வோம். எதிர்கால உயர்வுக்காக நூற்றுக்கு நாற்பது சேர்த்தால் 16,800. அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கு கழித்தால் 12,600. ஓராண்டுக்கு 1,51,200. முப்பது வயதுக்குரிய பெருக்கெண் 17. ஆகவே 25,70,400 ரூபாய். ஈமச் செலவு முதலியன இதற்கு மேல். அதே கொத்தனாரின் வருமானத்துக்குச் சான்றில்லாமல் தீர்ப்பாயம் 8,000 ரூபாய் என்று மதிப்பிட்டால், தொகை 17,13,600 ஆகச் சுருங்கிவிடுகின்றது. ஒரு துண்டுச் சீட்டு இல்லாத காரணத்தால் அந்தக் குழந்தைகள் இழப்பது 8,56,800 ரூபாய்!

தோழர்களே, சாதியும் வறுமையும் சேர்ந்து நம் உழைப்பை ஏட்டில் பதியாமலே வைத்திருக்கின்றன. வாழும்போது குறைந்த கூலி. மாண்ட பின் அக்குறைந்த கூலியைக் கொண்டே உயிருக்கு விலை. இதை மாற்றும் ஆற்றல் கல்விச் சங்கத்துக்கு உண்டு. சான்றில்லாத காரணத்தால் ஏழையின் வருமானத்தை ஒன்றுமில்லையென்று தள்ளிவிடலாகாது என்பதை நீதிமன்றங்களும் உணர்ந்துள்ளன. காய்கறி விற்றவர் ஒருவரின் வருமானத்தைச் சான்றில்லாமலே மாதம் 6,500 ரூபாயாக உச்ச நீதிமன்றம் 2014 இல் ஏற்றது. இல்லத்தரசியின் வீட்டு வேலைக்கும் பொருள் மதிப்பு உண்டு என்று 2021 இல் மீண்டும் வலியுறுத்தியது. ஆயினும் கருணையை எதிர்பார்ப்பதினும் சான்றைக் கையில் வைத்திருப்பதே மேல். கட்டுமானத் தொழிலாளரும் பிற அமைப்புசாராத் தொழிலாளரும் நலவாரியத்தில் பதிவு செய்தல் வேண்டும். கூலியை இயன்றவரை வங்கிக் கணக்கில் பெறுதல் வேண்டும். வயதுச் சான்று ஒவ்வொருவரிடமும் இருத்தல் வேண்டும்.

விபத்து நேர்ந்தவுடன் செய்ய வேண்டியவற்றையும் சுருக்கமாகச் சொல்கின்றேன். அடிபட்டவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். உதவியவர் தம் பெயரைச் சொல்ல வேண்டும் என்றோ, சாட்சியாக வர வேண்டும் என்றோ கட்டாயப்படுத்தலாகாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவின் கீழ் அமைந்த விதி. முதல் 48 மணி நேர மருத்துவச் செலவை அரசு ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. அதைக் கேட்டுப் பெறுங்கள். வண்டி எண், நேரம், இடம், கண்டவர் பெயர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். புகார் கொடுத்ததும் முதல் தகவல் அறிக்கையின் படியை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. புகாரைப் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, காவல் துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அவை போயினவா என்று கேளுங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று அஞ்ச வேண்டாம். 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெற உரிமையுடையோர். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அவ்வாணையக்குழுவின் அலுவலகம் உண்டு. கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு என்று பேசிக்கொண்டு வழக்கு நடத்துவது வழக்கறிஞர் தொழில் விதிகளுக்கே மாறானது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வண்டியைக் கருவியாகக் கொண்டு, பகைமையால் வேண்டுமென்றே மோதிக் கொல்வது விபத்து அன்று, அது கொலை. அத்தகைய ஐயம் இருந்தால், முதல் வாக்குமூலத்திலேயே முன்பகையையும் மிரட்டலையும் தவறாமல் சொல்லுங்கள். 1989 ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும் வழக்காயின், துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி புலனாய்வு செய்ய வேண்டும் என்பது விதி. ‘விபத்து’ என்று முதலில் எழுதப்பட்ட சொல்லைப் பின்னர் அழிப்பது கடினம். அதுபோலவே, ஆதாரமின்றி ஒவ்வொரு விபத்தையும் சதியென்று சொல்வதும் நம் வழக்கையே வலுவிழக்கச் செய்யும்.

நம் கடமைக்கு வருகின்றேன். 1929 ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் சாலிஸ்கானில் குதிரை வண்டி விபத்தில் சிக்கிக் கால் எலும்பு முறிந்தார். தீண்டத்தகாதவரை ஏற்றிச் செல்ல வண்டிக்காரர் எவரும் இசையவில்லை. அண்ணலை நடத்திச் செல்ல மனமில்லாத நம் மக்கள் வண்டியை வாடகைக்குப் பெற்று, ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவரை ஓட்டச் செய்தனர். பாலத்தில் வண்டி நிலை தவறியது. கூலிக்கு வண்டியோட்டும் ஒருவர்கூட, வழக்கறிஞராகிய தம்மினும் தாம் மேலானவர் என்று கருதச் சாதி இடங்கொடுத்ததை அண்ணல் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். குற்றம் சாதியினுடையது. அதில் நமக்கு மற்றொரு பாடமும் உண்டு: அன்பு மட்டும் போதாது, கடிவாளம் பிடிக்கும் கைக்குப் பயிற்சியும் வேண்டும்.

ஆகவே, பதினெட்டு வயது நிரம்பாத மகனிடம் வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள். அவன் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க 2019 ஆம் ஆண்டுத் திருத்தம் வகைசெய்தது. காப்பீடு இல்லாத வண்டியை வெளியே எடுக்காதீர்கள். அவ்வண்டி ஓர் உயிரைப் பறித்தால், இழப்பீடு முழுவதும் உங்கள் குடிசையையும் மனையையும் விற்றே கொடுக்க நேரும். குடித்துவிட்டு ஓட்டாதீர்கள். தலைக்கவசம் அணியுங்கள். பிறர் உயிருக்கு நீதி கேட்கும் நாம், நம் கையால் ஓர் உயிர் போகாமலும் காத்தல் வேண்டும்.

நிறைவாக, சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இவ்வெள்ளி விழா ஆண்டில் தெருவுக்கு இருவராக இளைஞரைத் தேர்ந்து, புகார் எழுதவும், விண்ணப்பம் நிரப்பவும், சட்ட உதவி அலுவலகத்துக்குக் குடும்பத்தாரை அழைத்துச் செல்லவும் பயிற்சி கொடுங்கள். நூலகத்தின் ஒரு மூலையில் அவர்களுக்கு ஒரு மேசை இடுங்கள். ஒவ்வொரு தொழிலாளரும் தம் கூலியைக் குறித்து வைக்க ஒரு குறிப்பேட்டை அச்சிட்டுக் கொடுங்கள். பெருஞ்செலவு பிடிக்கும் பணி அன்று இது. தந்தையை இழந்த ஒரு பிள்ளைக்கு இதனால் உரிய தொகை கிடைத்து, அப்பிள்ளை பள்ளியிலேயே நிலைத்து நிற்குமானால், சங்கம் தோன்றிய நோக்கம் அங்கே நிறைவேறும்.